யாருடைய மெட்ராஸ் இடிக்கப்பட்டது?

(சென்னையில் மாணவர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஆகஸ்ட் மாதம் வந்தால் இந்த ஊருக்கு ஒரு காய்ச்சல் வந்துவிடுகிறது. 1639 ஆகஸ்ட் 22ல் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு இந்தக் கடலோரத்து மண் எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு 2004லிருந்து 'மெட்ராஸ் டே' கொண்டாடுகிறார்கள். பழைய புகைப்படக் கண்காட்சி, கோட்டையைச் சுற்றி நடைப்பயணம், கல்லூரிகளில் கருத்தரங்கு. எங்கே போனாலும் ஒரே பெருமூச்சு: "அந்தக் காலத்து மெட்ராஸ் போச்சே!"

போச்சுதான். இல்லைன்னு நான் சொல்ல வரலை. எது போச்சு, யாருக்குப் போச்சு, யார் போட்ட கணக்குல போச்சு என்று கேட்கத்தான் வந்திருக்கேன். நான் கவிதை எழுதுகிறவன். பிழைப்புக்கு வங்கியில் எழுத்தர் வேலை. கவிதை எழுதறவனுக்கு ஏக்கம் பிடிக்கும், எழுத்தருக்குக் கணக்கு பிடிக்கும். இன்னைக்கு எழுத்தராகவே அதிகம் பேசலாம்னு நினைக்கிறேன்.

முதலில் அவர்களுடைய பட்டியலைப் பார்ப்போம். மூர் மார்க்கெட். 1900ல் திறந்த சிவப்புக் கட்டடம். 1985 மே 30 இரவு தீப்பிடித்து எரிந்தது. அந்த இடத்தில் இன்றைக்குப் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்தது மத்திய சிறை. 1837லிருந்து இருந்தது. கைதிகளைப் புழலுக்கு மாற்றிவிட்டு, 2009ல் இடித்து, மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். இடிக்கிறதுக்கு முன்னாடி பொதுமக்களை உள்ளே விட்டாங்க, ஜனம் வரிசையில நின்னு பார்த்தது. மூன்றாவது, உட்லண்ட்ஸ் டிரைவ் இன். காருக்குள்ளேயே உட்கார்ந்து காபி குடிக்கிற ஓட்டல். 2008ல் மூடினார்கள், 2010ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. நான்காவது, டிராம் வண்டி. 1895ல் ஓட ஆரம்பித்தது, 1953ல் நின்றது.

இவற்றைப் பற்றி எழுதியிருப்பதை எடுத்துப் படியுங்கள். மூர் மார்க்கெட் என்றால் பழைய ஆங்கிலப் புத்தகம், கிராமபோன் தட்டு. எழுதுகிறவர் எப்போதும் வாங்கப் போனவர். விற்றவன் யார், மூட்டை தூக்கியவன் யார், ராத்திரியில் அந்த வராந்தாவைக் கூட்டியவள் யார், இந்தக் கேள்விகள் அந்தக் கட்டுரைகளில் வருவதே இல்லை. நான் மூர் மார்க்கெட்டைப் பார்த்தவன் இல்லை, பிறக்கும் முன்பே எரிந்துவிட்டது. ஆனா எங்க அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். அவருக்கு அது புத்தகக் கடை இல்லை. யாரோ போட்டுக் கழிச்ச சட்டையை வாங்கி, அளவு பிடிச்சுத் தைச்சுப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போன இடம். ஒரே கட்டடத்தில் ஒருத்தருக்கு ஏக்கம், இன்னொருத்தருக்கு ஒரு சட்டை. இந்தச் சட்டை எந்தப் புகைப்படக் கண்காட்சியிலும் வருவதில்லை.

உட்லண்ட்ஸ் டிரைவ் இன்னுக்கு ஏக்கப்பட ஒரு கார் வேணும். நம்ம வீட்டுல யாருக்கும் அந்த ஏக்கம் வர நியாயமில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். இந்த நகரத்தின் முதல் பெரிய இடிப்பு எது தெரியுமா? கறுப்பர் நகரம். கோட்டைக்கு வடக்கே ஒட்டி, வெள்ளையர் அல்லாதவர்கள் குடியிருந்த பழைய பிளாக் டவுன். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். ஒரு பகுதியை அவர்கள் இடித்தார்கள். கோட்டை திரும்பக் கைக்கு வந்த பிறகு மிச்சத்தைக் கும்பெனிக்காரர்கள் இடித்தார்கள். எதிரி மறைந்து நின்று சுடக்கூடாது, பீரங்கிக்குத் திறந்தவெளி வேண்டும் என்பதுதான் காரணம். இதற்கு மேல் யாரும் கட்டக்கூடாது என்று 1773ல் ஆறு எல்லைக் கற்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்றைக்கும் பாரிமுனையில் நிற்கிறது. இடித்துக் காலி செய்த அந்த மண்ணின் மேல்தான் 1892ல் உயர்நீதிமன்றம் திறக்கப்பட்டது. அதாவது, நாம் நியாயம் கேட்டுப் போகிற கட்டடமே ஓர் இடிப்பின் மேல் நிற்கிறது.

கும்பெனி ஆவணங்களில் 'பெரிய பறச்சேரி' என்று ஓர் இடம் வருகிறது. கோட்டைக்கும் கப்பலுக்கும் துரை வீட்டுக் குதிரை லாயத்துக்கும் உழைத்த நம்முடைய ஜனம் குடியிருந்த இடம். எல்லைக் கல்லுக்குப் பாதுகாப்பு இருக்கு, பெயர்ப் பலகை இருக்கு. பெரிய பறச்சேரிக்கு ஒரு கல்லும் இல்லை. பிளாக் டவுன் 1911ல் ஜார்ஜ் டவுன் ஆயிடுச்சு. ராஜா பெயர் வந்ததும் கறுப்பன் பெயர் போச்சு.

இது ஏதோ மறதி என்று விட்டுவிட முடியாது. நினைவுச் சின்னம் என்கிற சொல்லாடலிலேயே இந்த விலக்கல் அடங்கியிருக்கிறது. 2010ல் உயர்நீதிமன்ற வழக்கு ஒன்றையொட்டி சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் என்று 467 இடங்கள் பட்டியலாகின. நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் நுழைய ஓர் இடத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்று யோசியுங்கள். செங்கல்லோ கருங்கல்லோ இருக்கணும். கட்டின வருஷம் தெரியணும். கட்டினவன் பெயர் தெரியணும், அதாவது காசு போட்டவன் பெயர். சாந்து குழைச்சவ பெயர் கேட்க மாட்டாங்க. கீத்துக் குடிசைக்கு இதில் ஒன்றும் கிடையாது. குடிசை எரிஞ்சா சாம்பல், மழை பெஞ்சா அதுவும் போயிடும். இடிபாடுகூட விட்டுவைக்க முடியாதவர்களுக்கு வரலாறே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வார்த்தைகளைப் பாருங்கள். மேட்டுக்குடியின் கட்டடம் போனால் 'இழப்பு'. நம்ம தெரு போனால் 'அகற்றம்'. ஒன்றுக்கு இரங்கல் கட்டுரை. இன்னொன்றுக்கு டெண்டர்.

1970ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971ல் சட்டம் வந்தது. தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2000த்துக்குப் பிறகு திசை மாறிவிட்டது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்தவர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கினார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். வேலை செய்த இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் 20, 25 கிலோமீட்டர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேகம் இன்னும் கூடியது. நதியை ஆக்கிரமித்த பெரிய கட்டடங்கள் அப்படியே நின்றன. கரையில் குந்தியிருந்தவன் மட்டும் ஆக்கிரமிப்பாளன் ஆனான். 2021ல் வாரியத்துக்குப் பெயர் மாற்றி 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று ஆக்கினார்கள். 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் இடிக்க வந்தபோது ஒரு முதியவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்துப் போனார். பெயர் மாறினால் புல்டோசர் மாறுமா?

இங்கே வங்கிக் கவுண்டரில் பார்த்த ஒரு விஷயம் சொல்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் போனவர்கள் முகவரி மாற்ற வருவார்கள். தெருப் பெயர், பக்கத்தில் கோயில், எதிரில் பள்ளிக்கூடம் என்றிருந்த முகவரி போய், பிளாக் நம்பர், மாடி, கதவு எண் என்று ஆகிவிடும். ஒரு வயசான அம்மா. கூவக்கரைத் தெரு ஒன்றில் 40 வருஷம் இருந்தவங்க. புதுப் பாஸ்புக் அடிச்சுக் கொடுத்தேன். பழசை வாங்கி ஓரமா வெச்சேன். அந்தம்மா கையை நீட்டி, "அத்த குடுத்துடு தம்பி. நாங்க அங்க இருந்தோம்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான் கீது" என்றாங்க. ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தேன். முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போனாங்க.

எத்தனையோ வரலாற்று ஆய்வுக் கட்டுரை சொல்லாததை அந்தம்மா சொன்னாங்க. மேட்டுக்குடிக்கு உள்ளூர் வரலாறு ஒரு ரசனை. நமக்கு அது பட்டா. "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள், என்ன ஆதாரம்?" என்றுதான் அதிகாரி கேட்கிறான், நீதிமன்றம் கேட்கிறது. மூர் மார்க்கெட் இருந்ததற்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. நாம் இருந்ததற்குத்தான் கேட்கிறார்கள். கேட்கும்போது காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் அதிகாரத்தின் வேலைதான். வங்கியில் 'செயல்படாத கணக்கு' என்று ஒன்று உண்டு. முகவரி மாறி, கடிதம் திரும்பி வந்து, 10 ஆண்டு யாரும் தொடாமல் கிடந்தால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரியவர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. ஆனா யாராவது வந்து கேக்கணும். கையில தாள் இருக்கணும். நம்ம வரலாறும் இப்படித்தான் கிடக்கு.

வடசென்னைக்கு வருவோம். பக்கிங்காம் அண்டு கர்னாடிக் மில், நம்ம வாயில பின்னி மில். 1996ல் மூடினார்கள். என் தாத்தா அங்கே வேலை பார்த்தவர். மில்லு சங்குதான் பெரம்பூர், புளியந்தோப்பு ஜனத்துக்குக் கடிகாரம் என்பார். தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் 1918ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பெருமையோடு எழுதுகிறார்கள். எழுதட்டும். 1921ஐ எப்படி எழுதுகிறார்கள்? அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சேரவில்லை. சங்கம் தங்களைச் சமமாக நடத்தும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. நிர்வாகம் இந்த விரிசலைப் பயன்படுத்திக்கொண்டது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஆகஸ்ட் 29ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வேலைநிறுத்தக்காரர்கள் செத்தார்கள். வர்க்கமும் சாதியும் ஒன்றையொன்று தின்ற நாட்கள் அவை. அந்தக் கசப்பிலிருந்துதான் எம்.சி.ராஜா 1923ல் நீதிக்கட்சியை விட்டு வெளியே வந்தார்.

தேதியைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 22 கொண்டாட்டம். சரியா ஒரு வாரம் கழிச்சு ஆகஸ்ட் 29. அன்னைக்குப் புளியந்தோப்பு பக்கம் எந்த நடைப்பயணமும் வரக் காணோம். செத்த தொழிலாளிக்கும் கல் இல்லை, எரிந்த குடிசைக்கும் கல் இல்லை.

நம்முடைய அறிவு வரலாற்றுக்கும் இதே கதிதான். 1893ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைச் சென்னையில் தொடங்கினார். 1894ல் ஆல்காட் அடையாற்றுப் பக்கம் ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளி வேறு பெயரில் இன்றும் நடக்கிறது. 1907 ஜூன் 19ல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1944ல் மீனாம்பாள் சிவராஜ் இந்தச் சென்னையில்தான் அம்பேத்கர் முன்னிலையில் தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். பழைய சினிமாக் கொட்டகை இருந்த இடத்தைத் தூங்கி எழுப்பிக் கேட்டாலும் இந்த ஊர் சொல்லும். 'தமிழன்' அச்சான கட்டடம் எது என்று ராயப்பேட்டையில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த எழுத்து நமக்குத் திரும்பக் கிடைத்தது எப்படி? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய 'தமிழன்' இதழ்களைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அரசாங்கம் சொல்லிச் செய்த காரியமில்லை. அதனால்தான் ஞான.அலாய்சியஸ் தொகுத்து 1999ல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. அதற்குப் பிறகு தமிழ் அறிவுலகம் பழையபடி பேச முடியவில்லை. 2023ல் கிண்டியில் பண்டிதருக்கு மணிமண்டபமும் வந்துவிட்டது. வரவேற்கிறோம். மண்டபம் நமக்குக் கிடைத்த அங்கீகாரம். ஆனா வரலாற்றைக் காப்பாத்தினது மண்டபம் இல்லை, பழைய தாளைத் தூக்கிப் போடாம வெச்ச கைங்க. இதை மறந்துடக்கூடாது.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். அவங்க மூர் மார்க்கெட்டுக்கு ஏங்குற மாதிரி நாம சேரிக்கு ஏங்கணுமா? முடியாது தோழர்களே. சேரி அழகாக இருந்தது என்று நான் கவிதை எழுத மாட்டேன். விடியக்காலை மூணு மணிக்குக் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களிடம் போய் அந்தக் கவிதையைப் படித்துக் காட்ட முடியாது. மழைக்குச் சாக்கடை வீட்டுக்குள் வந்ததும், கோடையில் தெருவே எரிந்ததும் அங்கேதான். நம்மை அங்கே வைத்தது சாதி. அந்த இருப்பை நாம் புனிதப்படுத்தினால் அது சாதிக்குச் செய்கிற சேவகம்.

ஆனால் அதே சேரியில்தான் நாம் படித்தோம், சங்கம் வைத்தோம், இரவுப் பள்ளி நடத்தினோம், அம்பேத்கர் படம் மாட்டினோம், பந்து விளையாடினோம், சாவுக்குக் கானா பாடினோம். செத்தவன் பெயரையும் தெருப் பெயரையும் வரிசையாகச் சொல்லி அழுத கானாப் பாடகன்தான் அந்த இடத்தின் முதல் வரலாற்றாசிரியன். ஆகவே நமக்கு வேண்டியது ஏக்கம் இல்லாத நினைவு. என்ன செய்தார்கள், எப்போது செய்தார்கள், நாம் என்ன செய்தோம் என்கிற கணக்கு.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவாக ஆக்கப்பட்ட சொல் போகட்டும். நானே அந்தச் சொல்லைச் சுமந்தவன்தான். ஆனால் பழைய பெயரில் இருக்கிற ரேஷன் கார்டு, ஒதுக்கீட்டு ஆணை, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் நம்முடைய ஆதாரங்கள். பெயர் மாறும்போது பழைய பெயரும் புதுப் பெயரும் ஒன்றுதான் என்பதற்கு நம்மிடம் எழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் இழிவோடு சேர்ந்து நம் உரிமையும் துடைக்கப்படும். இன்னொரு வேடிக்கை பாருங்க. வேளச்சேரியிலும் சேரி இருக்கு, செம்மஞ்சேரியிலும் சேரி இருக்கு. ஜனம் கூடி வாழ்ற இடம்னுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். நாம குடியிருந்தா மட்டும் அது வசவு ஆயிடுது.

சரி, என்ன செய்யலாம்? மாணவர்கள் இருக்கிறீர்கள், வேலையாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. உங்கள் தெருவின் எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். அரசுப் பெயர், ஜனம் கூப்பிடுகிற பெயர், அதற்கு முந்தைய பெயர். ஏன் அந்தப் பெயர் என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

இரண்டு. வீட்டில் இருக்கிற தாள்களைக் கைபேசியில் படம் எடுங்கள். பழைய ரேஷன் கார்டு, வாரியம் கொடுத்த ஆணை, மில் வேலைச் சான்று, மின்கட்டண அட்டை, ரத்தான பாஸ்புக். குப்பை என்று தோன்றுவதை முதலில் எடுங்கள். ஒரு படியை உங்களிடமும், ஒரு படியை அமைப்பிலும், ஒன்றை வேறு ஊரிலும் வையுங்கள்.

மூன்று. தீ பிடித்த தேதி, வெள்ளம் வந்த தேதி, காலி செய்யச் சொன்ன தேதி, லாரி வந்த தேதி. இதற்கு ஒரு நோட்டு. எத்தனை நாள் முன்னாடி சொன்னாங்க, பரீட்சை நேரமா, யார் கையெழுத்துப் போட்டாங்க, எல்லாம் வரணும்.

நான்கு. பெண்களிடம் முதலில் பேசுங்கள். ஆண்கள் தலைவர் வந்ததைச் சொல்வார்கள். குடிசையைத் திரும்பத் திரும்பக் கட்டினதை, தண்ணிக்கு மறியல் பண்ணினதைப் பெண்கள்தான் சொல்வார்கள். நம் இயக்க வரலாற்றிலும் இந்த இருட்டடிப்பு இருக்கிறது. அவனைக் கேள்வி கேட்கிற நாம் இதையும் கேட்க வேண்டும்.

ஐந்து. இடுகாட்டுக்குப் போங்கள். ஓட்டேரியில்தான் இரட்டைமலை சீனிவாசன் கல்லறை இருக்கிறது. சுற்றிலும் பெயர் தெரியாத எத்தனையோ பேர். பெயர், வருஷம் தெரிகிற கல்லையெல்லாம் படித்து எழுதி வாருங்கள்.

இதற்குப் பெரிய பல்கலைக்கழகம் வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு நோட்டும் ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் போயிருக்கிறவர்களில் பழைய தெருவை அறிந்த கடைசித் தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கேயே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். "நீ எந்த ஊரு?" என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் பிளாக் நம்பர் சொல்கிறார்கள். அந்த நம்பருக்குப் பின்னாடி சிந்தாதிரிப்பேட்டை இருக்கு, சத்தியவாணி முத்து நகர் இருக்கு, கூவக்கரை இருக்கு என்று சொல்ல ஆள் வேண்டும். இன்னும் 10 வருஷம் போனா அந்தக் கணக்கும் செயல்படாத கணக்கு ஆயிடும்.

அடுத்த ஆகஸ்டில் அவர்கள் கோட்டையைச் சுற்றி நடக்கட்டும். 29ஆம் தேதி நாம் புளியந்தோப்பில் கூடுவோம். கையில் நோட்டோடு வாருங்கள். பேச வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நாம் கேட்டு எழுதினால் போதும்.

நான் நிறையப் பேசிவிட்டேன். கேள்வி இருந்தா கேளுங்க, மறுப்பு இருந்தா கட்டாயம் சொல்லுங்க. ஜெய்பீம்.